காக்பிட்டில் இரண்டாவது கேமரா

புது ரப்பரின் வாசனை விரலை விட்டுப் போகவில்லை, மேடம். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன். இன்று காலை, விமானம் நிறுத்தும் நம் ஹேங்கருக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு வீடியோ கேமரா, அதைப் பிடித்து நிறுத்த ஒரு அலுமினியப் பட்டை, அதிர்வைத் தாங்க நாலு ரப்பர் வளையங்கள். புதிதாக வந்திருக்கும் பயிற்சி விமானத்தின் காக்பிட்டில் அதைப் பொருத்தித் தரச் சொன்னார் மேனேஜர். பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை மேலே வந்தது. உடனே மூடிவிட்டேன். நாளைக்குச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் மாதாப்பூரில் ஒருத்தியைச் சந்தித்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. யாரென்று பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்தை நான் உங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை.

நம் ஃப்ளையிங் ஸ்கூலில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீங்கள் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நான் அதைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவன். உங்கள் அப்பா ராணுவத்தில் இருந்து, செகந்திராபாத் பக்கம் போலாரத்திலேயே தங்கிவிட்டவர். உங்கள் பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது, நடுநடுவே வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் ஒரு 'நக்கோ' விழும். என் தாத்தா அரக்கோணத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு வந்தவர். மத்தியானம் ஹேங்கர் நிழலில் இரண்டு டிபன் டப்பாவையும் நடுவில் வைத்துக்கொண்டு, நான் பேசுவதை நீங்கள் கேலி செய்வீர்கள், நீங்கள் பேசுவதை நான். அப்படிப் பல வருஷம். அந்தப் பழக்கத்தின் மேல்தான் நான் கை வைத்தேன்.

மாணவர்கள் பறந்துவிட்டு வந்து தங்கள் தப்பைத் தாங்களே பார்க்கட்டும் என்று காக்பிட்டில் கேமரா வைக்க முடிவானது. மேனேஜர் தெலுங்கில் அதை விளக்கினார். அவர் போன பிறகு என்னிடம் வந்தீர்கள்.

"மூர்த்தி, இது யாரு பாக்கதுக்கு?"

"பறந்த ரெண்டு பேரும் பாக்கறதுக்குத்தான்."

"மேனேஜர்?"

"அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல மாட்டார். ஒருநாள் எவனையாவது வெளியே அனுப்பணும்னா அன்னைக்கு எடுத்துப் பாப்பார். நீங்க?"

"சரியா ரெக்கார்ட் ஆகுதான்னு முதல் ஒரு நிமிஷம் பாப்பேன்."

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்" என்றீர்கள்.

நான் தலையாட்டினேன்.

அந்த முதல் கேமராவைப் பொருத்த எனக்கு ஒரு வாரம் ஆனது. கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சு வளையம் நம் ஊர் வெயிலுக்கு நிற்காது. தலைக்கு மேல் போகும் குழாயில் பட்டையைக் கவ்வ வைத்தால் இறக்கை அதிர்வு படத்தில் விழுந்தது. ரப்பர் வளையம் போட்டு அதைச் சரி செய்தேன். பட்டை கழன்றாலும் கேமரா கீழே விழாமல் இருக்க ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டினேன். நீங்கள் உள்ளே உட்கார்ந்து, தலையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "காம்பஸ் பொய் சொல்லுது" என்றீர்கள். கேமராவைப் பக்கத்தில் வைத்ததில் திசைகாட்டி முள் கொஞ்சம் விலகியிருந்தது. நான் கவனிக்காத ஒன்று. கேமராவை ஒரு ஜாண் தள்ளி வைத்தேன். முள் ஒழுங்குக்கு வந்தது. நீங்கள் கயிற்றை மூன்று முறை இழுத்துப் பார்த்தீர்கள்.

"காக்பிட்ல எதுவும் சும்மா கெடக்கக் கூடாது, மூர்த்தி. ஒரு பேனா கூட."

இது எனக்கும் தெரியும். என் வேலையின் பாலபாடமே அதுதான்.

இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு சில பதிவுகள் இரண்டு துண்டாக உடைந்து, நடுவே இடைவெளியோடு வரத் தொடங்கின. விமானம் இறங்கத் திரும்புவதற்குச் சற்று முன்னால் ஐந்தாறு நிமிஷம் ஒன்றும் இருக்காது. அதிர்வில் பேட்டரி மூடி நெகிழ்கிறது என்று நினைத்து மூடியை மாற்றினேன். மெமரி கார்டை மாற்றினேன். இடைவெளி மட்டும் மாறவில்லை. அப்போதுதான் ஒரு நிமிஷ வாக்கை மீறி அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன். இடைவெளிக்கு முன்னால் திரையில் கடைசியாகத் தெரிந்தது ஒரு கட்டை விரல். உங்கள் விரல். நீங்களே கையை நீட்டி கேமராவை நிறுத்தியிருந்தீர்கள்.

அந்த விரலைப் பார்த்த நொடியிலிருந்து உங்களைப் பற்றிய எல்லாமே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பதிவுகளுக்கு நான் வைத்த பெயரில் தேதி, விமானம், பயிற்சியாளர் என்று மூன்றுதான் இருக்கும். இடைவெளி வந்ததெல்லாம் உங்கள் பெயர் போட்ட பதிவுகள். மற்றப் பயிற்சியாளர்களுடையதில் ஒன்றுகூட இல்லை. உங்கள் பைக்குள் மருந்துக்கடைக் காகித உறையைப் பார்த்தேன். ஒருநாள் நீங்கள் இறங்கி, இன்ஜினை அணைத்த பிறகும், கீழே வராமல் பத்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தீர்கள். ஹேங்கரிலிருந்து பார்த்தால் உங்கள் பக்கத்து ஜன்னல் மட்டும்தான் தெரியும். குனிந்து கைக்குட்டையை எடுத்தீர்கள். உங்களுக்கு அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை என்பதும் எனக்குத் தெரியும். அதில் தவறினால் பறக்க முடியாது.

மேடம் எதையோ மறைக்கிறார், மேலே போனதும் அவருக்கு மயக்கம் வருகிறது, அது படமாகிவிடக் கூடாது என்று கேமராவை அணைக்கிறார். இப்படி முடிவு கட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இருபது வயதுப் பிள்ளை. ஏதாவது ஆனால் அந்தப் பிள்ளையால் இறக்க முடியுமா? பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவன் நான். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது உங்கள் கை நடுங்குகிறதா என்று பார்ப்பேன். நீங்கள் வெண்டைக்காய்ப் பொரியலை என் பக்கம் தள்ளுவீர்கள். நான் நடுக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பேன்.

உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விமானியிடம் உடம்பைப் பற்றிக் கேட்பது அவர் பிழைப்பைக் கேட்பது மாதிரி என்று நினைத்தேன். கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள் என்றும் நினைத்தேன். அதுதான் பெரிய காரணம்.

ஒரு புதன்கிழமை, இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கும் தட்டில் தீப்பெட்டி அளவு இன்னொரு கேமராவை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், ஒரே ஒரு பிளாஸ்டிக் கட்டு. பாதுகாப்புக் கயிறு கட்டவில்லை, ஏனென்றால் கயிறு கட்டினால் உங்கள் கண்ணில் படும். இதை எழுதும்போது கை கூசுகிறது. முதல் கேமராவுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்ட அதே ஆள் இரண்டாவதை நாலு நிமிஷத்தில் வைத்துவிட்டு வந்தான்.

ஏப்ரல் மாத வெயில். காலை பத்து மணிக்கே தகடு தொட முடியாமல் கொதித்தது. உங்களோடு அன்று பறந்தது ஸ்ரவந்தி. வாரங்கலிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த பெண், அதிகம் பேச மாட்டாள். நான் ஹேங்கர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் இறங்கத் திரும்பியது. ஓடுதளத்துக்கு நேராக வந்தது. கீழே வர வர மூக்கு ஒரு பக்கமாக இழுத்தது. இடது இறக்கை சரிந்தது. நிமிர்ந்தது, மறுபடி சரிந்தது.

அந்த நொடியில் என் மனசு என்ன சொன்னது தெரியுமா, மேடம்? பார், நான் நினைத்தது சரி, மயங்கிவிட்டார் என்றது. நீங்கள் இரண்டு பேரும் தரையில் மோதப் போகிறீர்கள், எனக்கோ நான் நினைத்தது சரியாகிவிட்டது என்று தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

திடீரென்று இன்ஜின் முழுச் சத்தத்தோடு எழுந்தது. விமானம் மேலே ஏறி, ஒரு வட்டம் அடித்து, இரண்டாம் முறை கோடு போட்டது மாதிரி நேராக வந்து இறங்கியது.

ஸ்ரவந்தி முதலில் இறங்கினாள். யாரையும் பார்க்காமல் வகுப்பறைப் பக்கம் நடந்து போனாள். நீங்கள் என்னிடம் வந்தீர்கள். ஸ்டோர் ரூமுக்குள் போய், நான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினீர்கள். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கேமராவை எடுத்து மேஜையில் வைத்தீர்கள்.

"பின்னாடி இருந்து உருண்டு வந்து அவ கால்மிதிக்கு அடியில மாட்டிக்கிட்டு. இடது பெடல் அசையல. ரெண்டு பேர் பெடலும் சேந்துதான் போகும், நான் மிதிக்கேன், அது போகல. நான் குனிஞ்சு எடுக்கதுக்குள்ள தரை வந்துட்டு."

நான் மேஜையிலிருந்த கேமராவைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன்.

"நீங்கதானே?"

"ஆமா."

"பாருங்க. பாக்கணும்னுதானே வெச்சீங்க. என் முன்னாடியே பாருங்க."

கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டேன். சத்தம் முழுக்க இன்ஜின்தான். பின்னாலிருந்து எடுத்த படம், இரண்டு தலை, தோள்கள், கைகள். உங்கள் கை நீண்டு முன்னால் இருக்கும் கேமராவை நிறுத்தியது. அடுத்து, ஸ்ரவந்தியின் இரண்டு கையும் கன்ட்ரோலை விட்டு மடிக்கு வந்தன. அவள் தோள்கள் குலுங்கின. அவள் வலது கை உங்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் அந்தக் கையை எடுத்துவிடவில்லை. இன்னொரு கையின் இரண்டே விரலில் விமானத்தை ஓட்டிக்கொண்டு அவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்த இரண்டு விரலில் துளி நடுக்கம் இல்லை.

"தரை கிட்ட வந்தா அவளுக்குக் கை கால் ஓடாது" என்றீர்கள். "ஒரு மாசமா இப்படி. அஞ்சு நிமிஷம் யாரும் பாக்கலன்னா அழுது முடிச்சிட்டு மூச்சு விடுவா. அப்புறம் நான்தான் இறக்குவேன். ஒருநாள் இறங்கின பிறகும் அழுதா, அதான் பத்து நிமிஷம் உள்ளயே உக்காந்திருந்தோம்."

"மாத்திரை?" என்றேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"அப்பாவுக்கு."

அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "இதை நீங்க மறைச்சிருக்கக் கூடாது. மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கணும்" என்று வாதாடினேன். நீங்கள் கோபப்படவில்லை. களைத்துப்போய் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தீர்கள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்கேன். அவளா போய்ச் சொல்லணும். நான் சொன்னா அவ தோத்துப் போனவ. அவ சொன்னா அவ எடுத்த முடிவு. சொல்லலன்னா சனிக்கிழமை நான் சொல்லியிருப்பேன்."

வியாழக்கிழமையிலிருந்து ஸ்ரவந்தி வரவில்லை. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டாள் என்றார்கள். பதிவுகளை மறுபடி எடுத்து அந்தந்த நாள் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இடைவெளி வந்த நாளெல்லாம் அவள் பறந்த நாள். உங்களோடு பறந்த மற்ற மாணவர்களின் பதிவுகள் எல்லாம் முழுதாகவே இருந்தன. ஒரே ஒரு முறை மாணவர் பெயரைப் பார்த்திருந்தால் போதும். நான் உங்கள் பெயரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என் மேல் புகார் கொடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். கொடுத்தால் என் லைசன்ஸ் போயிருக்கும், போயிருக்கவும் வேண்டும். ஒரு வாரம், ஒரு மாதம் போனது. நீங்கள் கொடுக்கவில்லை. இதை வைத்து என்னைப் பிறகு மிரட்டப் போகிறீர்கள் என்று அதையும் சந்தேகப்பட்டேன். டிபன் டப்பாக்கள் தனித்தனி மூலைக்குப் போயின. ஆயில், டயர், பிரேக் என்று வேலைப் பேச்சு மட்டும் மிஞ்சியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் நீங்களாகவே வந்து உட்கார்ந்து, "உங்க வீட்டுல ரசத்துல என்னத்தைப் போடுதாங்க, இங்கன வரைக்கும் மணக்குது" என்றீர்கள். மறுபடி பேசிக்கொண்டோம். ஆனால் பழைய கேலி திரும்பி வரவில்லை.

பிறகு நிஜமாகவே உங்களுக்கு உடம்புக்கு வந்தது. அது வந்த வேகத்தில் யாருக்கும் சந்தேகப்படக்கூட நேரம் இருக்கவில்லை. செகந்திராபாத் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது பாதி நினைவில் இருந்தீர்கள். கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டு, "மூர்த்தி, ஸ்ரவந்தி எங்க இருக்கான்னு தெரியுமா?" என்றீர்கள். தெரியாது என்றேன். நீங்கள் தலையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். என்னைக் குத்திக் காட்டத்தான் கேட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உங்களிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அந்தத் தெரியாதுதான்.

போன வாரம் ஒரு போன் வந்தது. "அன்னா, மேடம் போயாரா?" என்று தெலுங்கில் ஒரு பெண் குரல், அண்ணா, மேடம் இறந்துவிட்டாரா என்று. உங்கள் நினைவு நாளுக்கு ஸ்கூலில் போட்ட படத்தை யாரோ அனுப்பி, அப்போதுதான் ஸ்ரவந்திக்குத் தெரிந்திருக்கிறது. மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை செய்கிறாள். பார்க்க வேண்டும் என்றாள். ஆபீஸுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றோம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டீ. குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து அவள் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அவங்க மேல இத்தனை வருஷமா எனக்குக் கோபம் அன்னா. இப்ப செத்துப் போனாங்கன்னு கேட்டதும் என்ன பண்றதுன்னு தெரியல."

"எதுக்குக் கோபம்?"

"முன்னாடி இருந்த கேமராவை அணைச்சிட்டு, யாரும் பாக்கல, நல்லா அழுன்னு சொன்னாங்க. பின்னாடி இன்னொண்ணு வெச்சிருந்தாங்க. என்னை அனுப்பறதுக்கு ஆதாரம் சேர்த்திருக்காங்க. அன்னைக்கு அது என் காலுக்கடியில வந்தப்ப, இது என்ன மேடம்னு கேட்டேன். என்னோடதுன்னு சொன்னாங்க."

"என்னோடதுன்னா சொன்னாங்க?"

"ஆமா. அவங்க வாயாலயே."

டீக்கடையில் சுற்றிலும் கூட்டம். பக்கத்தில் நின்ற ஒரு ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

தரை நெருங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பக்கத்தில் ஒரு பெண் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறீர்கள். அவளுக்கு அப்போது எதுவும் விளக்க முடியாது, யாரோ வைத்தது என்றால் இன்னும் மிரள்வாள், அதனால் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த நாள் மாற்றிச் சொல்லியிருக்கலாமே. ஹாஸ்டல் நம்பர் இருந்தது, வாரங்கல் முகவரி இருந்தது. என் பெயரைச் சொல்லாமல் அந்தப் பொய்யைத் திருத்த முடியாது என்றுதான் விட்டுவிட்டீர்களா? நல்ல மனசு என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் என் புத்தி இப்போதும் சந்தேகப்படுகிறது. ஸ்ரவந்திக்கு ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்தது போல எனக்கும் நாள் கொடுத்துவிட்டு, நானாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களோ? ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வியும் அதுதானோ? தெரியவில்லை. கேட்க நீங்கள் இல்லை.

"அது மேடம் வெச்சது இல்லம்மா" என்றேன். "நான் வெச்சேன். அவங்களுக்கே தெரியாது. அவங்களைப் பிடிக்கத்தான் வெச்சேன், உன்னை இல்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. அதைக் கடைத் திட்டில் வைத்தாள். பிறகு, "நான் எப்படியும் ஃப்ளையிங்கை விட்டிருப்பேன் அன்னா. அந்த வெள்ளிக்கிழமை நானே சொல்றதா இருந்தேன். எழுதிக்கூட வெச்சிருந்தேன். போகும்போது அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிருப்பேன், அவ்வளவுதான்" என்றாள். போலாரத்தில் உங்கள் தங்கை வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டாள். கூட வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவங்களே இல்லை, இப்போது எதற்கு இதெல்லாம் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன முடிவாகும் என்று தெரியவில்லை. அதுவரை கையெழுத்தை வேறொருவர் போடுகிறார், வேலையை நான் செய்கிறேன்.

என் சந்தேக புத்தி என்னை விட்டுப் போகவில்லை, மேடம். போகவும் கூடாது. திருகாணி இறுகியிருக்கிறதா என்று சந்தேகப்படாதவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். ஆனால் மனுஷரைச் சந்தேகப்பட்டால் இப்போது நேரே அவர் முன்னால் போய் நிற்கிறேன். எனக்கு அது நன்றாக வரவில்லை. எதிரில் இருப்பவருக்குக் கோபம் வருகிறது.

நேற்று காலை இம்ரான் சார் இறக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பயிற்சியாளர். மாணவன் பக்கத்தில் ஹெட்செட்டோடு காத்திருந்தான். பழையபடியே என் மனசு கணக்குப் போடத் தொடங்கியது. நேற்றும் இப்படி நின்றாரா, முந்தாநாள் எப்படி இறக்கினார் என்று. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போய், மாணவன் காதில் விழாமல், உடம்பு சரியாக இருக்கிறதா என்று இந்தியில் கேட்டேன்.

"கைக்கு?" என்றார், ஏன் என்பதற்கு இந்த ஊர் உருது. முறைப்பு அப்படி. உனக்கு எதற்கு என்பது மாதிரி.

நான் நகரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், ஓடுதளத்தைப் பார்த்தார். பிறகு பின்னந்தலையைத் தடவிக்கொண்டு, குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், வீட்டில் யாரும் தூங்கவில்லை என்றார். மாணவனைக் கூப்பிட்டு இன்றைக்குப் பறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் உள்ளே போனார். கோபம் தீர்ந்ததா என்று தெரியவில்லை.

அவரிடம் கேட்க எனக்கு நாலு வார்த்தை ஆனது, மேடம். இந்தியில் தட்டுத்தடுமாறிக் கேட்டேன். உங்களிடம் அதைத் தமிழிலேயே கேட்டிருக்கலாம்.